நரையும் செம்பட்டையும்: முடிநிற மாற்றம் குறித்த தமிழ்ச் சிந்தனையும் உயிர்ச்சத்து ஆய்வின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தலைமுடியின் நிறம் மாறுவதைக் குறிக்கத் தமிழில் நரை, செம்பட்டை என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. நரையைப் பற்றி இலக்கியமும் மருத்துவ நூல்களும் நிறையப் பேசியுள்ளன. செம்பட்டையோ பெரும்பாலும் பேச்சு வழக்கோடு நின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் உயிர்ச்சத்து (வைட்டமின்) குறித்த அறிவு தமிழகத்தில் பரவியபோது, அது நரையைப் போக்கும் பொருளாகப் பொதுமக்களால் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் குன்னூர் ஆய்வகம் முதலிய நிறுவனங்களின் ஆய்வுகள், உணவுக் குறையின் அடையாளம் முதியோரின் நரையைவிட ஏழைக் குழந்தைகளின் தலைமுடியிலும் தோலிலுமே தெளிவாகத் தெரிவதைக் காட்டின. இவ்விரு போக்குகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நரை, செம்பட்டை, உயிர்ச்சத்து, பிசிராந்தையார், குன்னூர் ஆய்வகம், புழுங்கல் அரிசி, சத்துணவு, சங்கரன்கோவில்

முன்னுரை

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயணர் திருக்கோயில், சிவனும் திருமாலும் ஒருவரே என்பதை அம்மைக்கு உணர்த்திய தலமாகப் போற்றப்படுகிறது. ஆடித்தபசு விழா இத்தலத்தின் பெருவிழா. இக்கோயிலுக்கு வருவோர் பலர் தேடி வருவது புற்றுமண். தோல் நோய் உடையோர் அதனை உடலில் பூசிக்கொள்வதும், பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் இன்றும் தொடரும் வழக்கங்கள். உடலின் மேற்பரப்பில் தோன்றும் குறையை மண்ணும் அருளும் தீர்க்கும் என்னும் நம்பிக்கை இதில் வெளிப்படுகிறது.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி மழையை நம்பிய கரிசல். கம்பும் சோளமும் இப்பகுதி உழைக்கும் மக்களின் அன்றாட உணவாக நெடுங்காலம் இருந்தன. கரிசல் வழக்கில் அரிசிச் சோற்றைத் தனியே 'நெல்லுச்சோறு' என்று குறிப்பது இதற்குச் சான்று. 'சோறு' என்றாலே அரிசிச் சோறு என்னும் நிலை இருந்திருப்பின் இந்த அடைமொழிக்குத் தேவை இருந்திராது.

தோலிலும் முடியிலும் தோன்றும் மாற்றத்துக்கும் உண்ணும் உணவுக்கும் உள்ள தொடர்பு அறிவியல் முறையில் ஆராயப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். அவ்வாராய்ச்சியில் குறிப்பிடத்தக்க பங்கு தமிழகத்தின் குன்னூரில் நிகழ்ந்தது. அதனை அறிவதற்கு முன், முடிநிற மாற்றத்தைத் தமிழ்ச் சமூகம் எவ்வாறு பொருள்கொண்டது என்பதைக் காண்பது இன்றியமையாதது.

1. இலக்கியத்தில் நரை

உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு பதிப்பித்த புறநானூற்றில் நரை ஏன் வரவில்லை என்னும் வினாவுக்கு விடையாகவே அமைந்த பாடல் ஒன்று உள்ளது. பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான பிசிராந்தையார் பாடிய 191ஆம் பாடல் அது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை அறிந்து அவனோடு உயிர்துறக்க வந்த புலவரிடம், வயது மிகுந்தும் முடி நரைக்காத காரணம் வினவப்படுகிறது. மனைவியின் மாண்பு, மக்களின் அறிவு, ஏவலரின் இசைவு, தீங்கு செய்யாத வேந்தனின் காவல், ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் எனக் காரணங்களை அடுக்குகிறார் புலவர். அவற்றுள் மருந்தும் இல்லை, உணவும் இல்லை. நரையின்மையை அவர் வீட்டிலிருந்து நாடு வரை விரியும் உறவுகளின் விளைவாகக் காண்கிறார் என்பது நோக்கத்தக்கது.

மற்றொரு புறம், நரை மதிப்புக்குரிய அடையாளமாகவும் விளங்கியது. இளைஞனான சோழ வேந்தனால் வழக்கின் உண்மையைக் காண இயலாது என்று ஐயுற்ற முதியோர் முன்னிலையில், அவன் நரைமுடி சூடிவந்து தீர்ப்பு வழங்கிய செய்தியைப் பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. இச்செய்தியைக் கரிகாலனோடு இணைத்துக் கூறுவது மரபு. நரை முறை வழங்கும் தகுதியின் சான்றாகக் கருதப்பட்டதால்தான் மன்னனும் அதை வேடமாகப் புனைய வேண்டியிருந்தது.

எனினும் நரை மட்டுமே பெருமை தந்துவிடாது என்பதையும் புலவர்கள் உணர்ந்திருந்தனர். நரிவெரூஉத்தலையார் பாடிய புறநானூறு 195ஆம் பாடல், நரைத்துத் திரைத்த முதியோரை நோக்கி, நல்லது செய்ய இயலாவிட்டாலும் அல்லது செய்வதையேனும் தவிருங்கள் என்கிறது. நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரமோ, நரை வரும் என்பதை முன்னரே எண்ணி இளம் பருவத்திலேயே துறந்தோரைப் புகழ்கிறது. இவ்வாறு நரை சில இடங்களில் உறவின் அளவுகோலாகவும், சில இடங்களில் அறிவின் சான்றாகவும், வேறு சில இடங்களில் நிலையாமையின் முன்னறிவிப்பாகவும் பொருள் பெறுகிறது. இவை எவற்றிலும் அது நோயாகக் கருதப்படவில்லை.

2. சித்த மருத்துவத்தில் நரை

நரையை வெல்லத்தக்க ஒன்றாகக் கருதியது சித்தர் மரபு. நரை, திரை, மூப்பு, சாக்காடு என்னும் வரிசையைத் தடுத்து உடலை நிலைநிறுத்தும் முயற்சியே காயகற்பம். கரிசலாங்கண்ணி, நெல்லி, அவுரி, கறிவேப்பிலை ஆகியன தலைமுடி பேணும் மூலிகைகளாக இன்றும் வழங்குகின்றன. அதியமான் ஒளவைக்கு அளித்ததாகப் புறநானூறு 91ஆம் பாடல் கூறும் நெல்லிக்கனியும் நீண்ட வாழ்வோடு இணைத்துப் பேசப்படுவது.

இவற்றின் செயல்முறைகள் ஒன்றல்ல. அவுரி இலை நீலச் சாயம் தருவது. அது முடியின் வெளிப்புறத்தைக் கருமையாக்குமேயன்றி, முடி வளரும் வேரில் நிறத்தை உண்டாக்குவதில்லை. நெல்லிக்காய் உயிர்ச்சத்து சி மிகுந்த கனி; ஸ்கர்வி என்னும் பற்றாக்குறை நோயைத் தடுக்கவல்லது. ஒன்று சாயம், மற்றொன்று உணவு. மரபில் இரண்டும் 'நரை போக்குவன' என்னும் ஒரே பெயரின் கீழ் வந்தன. உயிர்ச்சத்து குறித்த புதிய அறிவு தமிழகத்துக்குள் நுழைந்தபோது, அதுவும் இதே பெயரின் கீழ் வைத்து எதிர்பார்க்கப்பட்டது இயல்பே.

3. அரிசி ஆலையும் குன்னூர் ஆய்வகமும்

உயிர்ச்சத்தின் வரலாறு அரிசியிலிருந்து தொடங்குகிறது. டச்சு ஆட்சியிலிருந்த சாவகத்தில் பணியாற்றிய கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசி உண்ட கோழிகள் பெரிபெரி போன்ற நரம்பு நோய்க்கு ஆளாவதை 1890களில் கண்டறிந்தார். 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய நுண்பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயரிட்டார்.

சென்னை மாகாணத்தில் பெரிபெரி எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவில் காணப்படவில்லை. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் பகுதிகளில், அதாவது இன்றைய கடலோர ஆந்திரத்தில், அது நிலைகொண்டிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரிதும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து அரிசி மணியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. பின்னர் உமியையும் தவிட்டையும் நீக்கினாலும் அதன் ஒரு பகுதி மணியிலேயே எஞ்சுகிறது. நெல் அவிக்கும் வீட்டுப் பழக்கம், அதன் காரணம் அறியப்படும் முன்னரே, ஒரு நோயிலிருந்து மக்களைக் காத்துவந்தது எனலாம்.

இத்தகைய வினாக்களை ஆராய இராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பணியைத் தொடங்கினார். அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923இல் நின்ற பணி, 1925இல் மீண்டும் தொடர்ந்தது. பின்னர் அதுவே ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே அளித்து அவர் நடத்திய சோதனைகள் புகழ்பெற்றவை. முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. 'மதராசி' உணவு என்று குறிக்கப்பட்ட அரிசி உணவு அடிநிலையில் நின்றது.

இச்சோதனையின் பயன் பெரிது. அதன் வகைப்பாடோ ஆய்வுக்குரியது. உணவுக்கு இனத்தின் பெயரும் மாகாணத்தின் பெயரும் சூட்டப்பட்டபோது, ஒரே மாகாணத்துக்குள் காவிரிப் படுகையின் அரிசி உணவுக்கும் சங்கரன்கோவில் போன்ற கரிசல் பகுதிகளின் கம்மங்கூழுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்தது. வசதி படைத்தவர் உணவுக்கும் கூலியாளின் உணவுக்கும் உள்ள இடைவெளியும் அவ்வாறே மறைந்தது.

1935இல் பொறுப்பேற்ற வாலஸ் ஐக்ராய்டு இவ்விடைவெளியில் கவனம் செலுத்தினார். இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைத் தொகுத்து 1937இல் வெளியிடப்பட்ட நலவாழ்வு அறிக்கை எண் 23, உணவுப் பட்டியல்களைத் திட்டமிடுவோருக்கு நெடுங்காலம் கைநூலாக விளங்கியது. அவருடைய குழுவினர் தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளின் உடலை நேரில் ஆய்ந்தனர். இலங்கையில் லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல் விவரித்த, தோல் சொரசொரப்பாகித் தேரைத் தோல் போலாகும் நிலையை இங்கும் அவர்கள் கண்டனர். தோல் நோய்க்குக் கோயில்களையும் வைத்தியர்களையும் நாடிய மக்களின் உடலில், உணவுக் குறையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது இவ்வாறு பதிவாகியது.

பழைய சிறுதானிய உணவு குறையற்றது என்று இதனால் முடிவு கட்டுவதும் பிழையாகும். தக்காணப் பீடபூமியில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா என்னும் தோல் நோய் காணப்படுவதை சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் வெளியிட்டனர். ஒரே தானியத்தை மட்டும் நம்பிய வறுமை உணவு, அது அரிசியாயினும் சோளமாயினும், உடலின் மேற்பரப்பில் தன் அடையாளத்தைப் பதித்தது.

4. கருப்பு எலிகளின் நரை

நரைக்கும் உயிர்ச்சத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்னும் எண்ணத்துக்கு ஆய்வக அடித்தளம் 1930களின் இறுதியில் கிடைத்தது. பி தொகுதியைச் சேர்ந்த பான்டோதெனிக் அமிலம் இல்லாத உணவை உண்ட கருப்பு எலிகளின் மயிர் நரைத்தது. அதனை மீண்டும் அளித்தபோது கருமை திரும்பியது. பாரா அமினோ பென்சாயிக் அமிலமும் இவ்வாறு செயல்படுவதாக 1941இல் அறிவிக்கப்பட்டது. 'நரை எதிர்ப்புச் சத்து' என்னும் பெயர் அக்காலத்தில் பரவியது. காயகற்பம் அளித்த வாக்குறுதி, இப்போது மாத்திரை வடிவில் மீண்டும் எழுந்தது.

மனிதரிடம் இந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. எலிக்குத் திட்டமிட்டு உண்டாக்கப்பட்ட கடும் பற்றாக்குறை மனிதரின் வழக்கமான உணவில் அரிது. மேலும், வயதால் வரும் நரையின் காரணம் வேறு. மயிர்க்கால்களில் உள்ள நிறமி உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறமியை உருவாக்கி வளரும் முடிக்குள் செலுத்துகின்றன. அவ்வுயிரணுக்களைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் வயதாக ஆகக் குறைகின்றன. அல்லது செயலற்றுப் போகின்றன. எந்த வயதில் இது தொடங்கும் என்பதில் மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு. நிறமியை உண்டாக்கும் உயிரணுவே இல்லாத இடத்தில், அதற்கு ஊட்டம் அளிப்பதால் நிறம் திரும்புவதில்லை.

விதிவிலக்கும் உண்டு. ஆசிய மக்களிடம் 25 வயதுக்கு முன் தோன்றும் நரை இளநரை எனப்படுகிறது. அவர்களுள் சிலரிடம் பி12 உயிர்ச்சத்துக் குறையோ தைராய்டு குறைபாடோ காணப்படுகிறது. குறை நீங்கும்போது சிலருக்கு முடியின் கருமை திரும்புவதும் உண்டு. ஆகவே இளநரைக்கு மருத்துவப் பரிசோதனை பொருத்தமானது. பரிசோதனையின்றி உட்கொள்ளும் மாத்திரை பொருத்தமானதன்று.

பிசிராந்தையார் கூறிய விடையும் அண்மை ஆய்வுகளால் புதிய கவனம் பெறுகிறது. கடும் மன அழுத்தத்தின்போது பரிவு நரம்புகள் வெளியிடும் நார்அட்ரினலின், எலிகளின் நிறமி மூல உயிரணுக்களைத் தீர்ந்துபோகச் செய்வதை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2020இல் வெளியிட்டது. எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. சங்கப் பாடலை அறிவியல் முன்னறிவிப்பாகக் காட்டுவதும் பொருந்தாது. எனினும், கவலையற்ற வாழ்வுக்கும் நரையின்மைக்கும் தொடர்பு கண்ட புலவரின் விடை, மாத்திரை விளம்பரத்தைக் காட்டிலும் உடலியலுக்கு நெருக்கமானது என்று கொள்ள இடமுண்டு.

5. செம்பட்டை: பேசப்படாத நிறமாற்றம்

நரை இவ்வளவு பேசப்பட, உணவுக் குறையால் உண்மையாகவே நிறம் மாறிய தலைகள் வேறிடத்தில் இருந்தன. 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரைப் பகுதியில் சிசிலி வில்லியம்ஸ், குவாஷியோர்க்கர் என்னும் குழந்தை நோயை விவரித்தார். உடல் வீக்கம், தோல் உரிதல் ஆகியவற்றோடு முடி வெளிறிச் செம்மை அடைவதும் அந்நோயின் அறிகுறி. குழந்தை சில காலம் நன்கு உண்டு, சில காலம் பட்டினி கிடந்தால், ஒரே முடியில் கருமையும் வெளிறலும் பட்டை பட்டையாகத் தோன்றும். மருத்துவர்கள் இதனைக் 'கொடி அடையாளம்' என்பர். முடியின் நீளம் முழுவதும் குழந்தையின் பசிக்காலங்கள் பதிவாகியிருக்கும்.

சேலத்தில் 1918இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன், குன்னூர் ஆய்வகத்தில் பணியாற்றியபோது தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். உடல் மெலியும் மராஸ்மஸ் நோயுற்ற குழந்தைகளும் குவாஷியோர்க்கர் நோயுற்ற குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே வகை உணவையே உண்டு வந்தமையை அவர் பின்னர் எடுத்துக்காட்டினார். புரதம் அல்லது உயிர்ச்சத்து ஒன்றைத் தனியே சேர்ப்பதால் இச்சிக்கல் தீராது, போதிய அளவு உணவே முதல் தேவை என்னும் முடிவுக்கு இது வழிவகுத்தது.

குழந்தைகளின் வெளிறிய முடியைத் தமிழ் வழக்கு 'செம்பட்டை' என்கிறது. 'எண்ணெய் காணாத தலை' என்று அதற்குக் காரணமும் கூறுகிறது. வெயிலாலும் முடி வெளிறக்கூடும். செம்பட்டை முடி அனைத்தும் நோயின் அடையாளம் அன்று. ஆயினும் இவ்வழக்கு, பசியின் அடையாளமாக இருக்கக்கூடியதைப் பேணுதலின் குறையாக, பெரும்பாலும் தாயின் கவனக்குறைவாக, மாற்றிவிடுகிறது. சங்கப் பாடல்களில் எளிய குடிச் சிறுவருக்கு வழங்கும் 'புன்தலை' என்னும் அடைமொழிக்கு உரையாளர்கள் புல்லிய தலை என்று பொருள் கொள்வர். அத்தலையின் தோற்றம் பாடல்களில் காட்சியாக அமைந்ததே தவிர, பிசிராந்தையாரிடம் கேட்கப்பட்டது போல 'ஏன்' என்னும் வினா அதைக் குறித்து எழவில்லை.

6. ஆய்வகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு

குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. அதன் ஆய்வின் அடிப்படையில், பார்வை இழப்பைத் தடுக்கக் குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை உயிர்ச்சத்து ஏ அளிக்கும் திட்டம் 1970இல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட குறைக்குக் குறிப்பிட்ட சத்து என்னும் நெறிக்கு இது சான்று.

தமிழகம் அதனோடு வேறொரு நெறியையும் கடைப்பிடித்தது. 1920இல் நீதிக்கட்சியினர் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. பின்வந்த ஆட்சிகளில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. இவை உயிர்ச்சத்தை மாத்திரையாக அன்றி, சோறும் பருப்பும் காய்கறியுமாகத் தட்டில் சேர்த்தன. செம்பட்டைத் தலைக்குத் தமிழ்ச் சமூகம் அளித்த விடை, மருந்துக் கடையைவிடப் பள்ளிச் சமையற்கூடத்தில்தான் உருவாகியது.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. தமிழ் இலக்கியம் நரையை நோயாகக் கருதவில்லை. சித்தர் மரபு அதனை வெல்ல முயன்றது. உயிர்ச்சத்து அறிவு பரவியபோது அம்முயற்சியின் எதிர்பார்ப்பே மாத்திரை வடிவம் பெற்றது. வயதால் வரும் நரைக்கு உயிர்ச்சத்து மருந்தாவதில்லை. பி12 குறை போன்ற சில நிலைகளில் மட்டுமே அது பயன் தருகிறது. மாறாக, குன்னூரில் தொடங்கிய ஆய்வு, உணவுக் குறை குழந்தைகளின் முடியிலும் தோலிலும் வெளிப்படுவதைக் காட்டிப் பொது உணவுத் திட்டங்களின் தேவைக்கு வலுச்சேர்த்தது.

சங்கரன்கோவிலில் குழந்தையின் தோலில் புற்றுமண் பூசும் தாயின் கைக்கு நம்பிக்கையும் பரிவும் உண்டு. அந்நம்பிக்கையை மறுப்பது இவ்வரலாற்றின் நோக்கமன்று. அக்குழந்தையின் தலைமுடி செம்பட்டையாக இருப்பின், தலையில் எண்ணெய் வைத்தாயா என்பதற்கு முன்னதாகக் குழந்தை என்ன உண்டது என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததே அதன் பயன். அவ்வினாவைக் கேட்க வேண்டியது தாயிடம் மட்டும் அன்று. பிசிராந்தையார் தம் விடையில் வீட்டோடு வேந்தனையும் ஊரையும் சேர்த்ததுபோல, ஊரிடமும் அரசிடமும் கேட்கப்பட வேண்டிய வினா அது.